வாசகர் கேள்விகள்: மொகிலி கணவாயும் வாஷிங்டனும்

போன இதழில் ஹைதர் அலி பற்றிய ஒரு பதிலில், அவர் சித்தூர் பக்கத்தில் உயிர்விட்ட சமயத்தில் கடலுக்கு அப்பால் வாஷிங்டனின் போரும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். காட்பாடி, குடியாத்தம், நகரி, பலமநேர், குப்பம் என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் தெலுங்கு மட்டும் படித்த ஒருவர் தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதி அனுப்பியிருந்தார், அதைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது. அமெரிக்காவின் முதல் அதிபர்கள், அப்புறம் அந்த நாட்டின் பழைய பெரும் பணக்காரர்கள், இந்த இரண்டைச் சுற்றித்தான் கேள்விகள் எல்லாம்.

சார், வாஷிங்டனுக்கும் எங்கள் சித்தூருக்கும் ஏதோ தொடர்பு இருப்பது மாதிரி எழுதியிருந்தீர்கள். வருஷம் ஒத்துப்போனது மட்டும்தானா, இல்லை நிஜமாகவே ஏதாவது உண்டா?
— ஒரு லாரி உரிமையாளர், சித்தூர்

நிஜமாகவே உண்டு. உங்கள் லாரி சித்தூரிலிருந்து பலமநேர் வழியாக பெங்களூரு போகும்போது மொகிலி மலைப்பாதையில் ஏறுகிறதே, அதே பாதையில் 1791 பிப்ரவரியில் பீரங்கி வண்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆங்கிலப் படை ஏறியது. ஆம்பூர் வழியாகத்தான் வரப்போகிறார்கள் என்று திப்பு சுல்தானை நம்பவைத்துவிட்டு, வேலூரிலிருந்து சட்டென்று வடக்கே திரும்பி, சித்தூரைத் தொட்டு, மொகிலி கணவாயில் ஏறிவிட்டார்கள். மார்ச் 21-ம் தேதி பெங்களூர்க் கோட்டை விழுந்தது. அந்தப் படையை நடத்திப் போனவர் கார்ன்வாலிஸ் பிரபு. பத்து வருஷம் முன்னால், 1781 அக்டோபர் 19 அன்று, அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் வாஷிங்டனிடம் சரணடைந்ததும் இவருடைய படைதான். சரணடையும் நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தனக்குக் கீழே இருந்த அதிகாரியை அனுப்பிவிட்டார். அங்கே தோற்றுப் போனவரைத்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

1791 பிப்ரவரியில் வாஷிங்டன் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் அதிபராகப் பதவி ஏற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவின் முதல் தேசிய வங்கிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவரிடம் தோற்றவர் நம் மலைப்பாதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில்!

யார்க்டவுனுக்கு மூன்று வாரம் முன்னால், 1781 செப்டம்பர் 27 அன்று, நம் சோளிங்கரில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்தது. இரண்டு சண்டைகளுக்கும் நடுவில் இருந்த கண்ணி பிரான்ஸ். அங்கே வாஷிங்டனுக்குக் கப்பலும் படையும் கொடுத்த பிரான்ஸ்தான் இங்கே ஹைதருக்குத் துணையாகக் கப்பல் அனுப்பியது. ஆங்கிலேயர் தங்கள் கப்பல்களையும் சிப்பாய்களையும் இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பவேண்டி வந்தது. அமெரிக்கர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தார்கள், அந்தக் கப்பல் 1782 ஏப்ரலில் ஓர் ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தும் விட்டது. அதே வருஷம் டிசம்பர் 7 அன்று, சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்துபோனார். திப்பு வந்து சேரும்வரை மரணத்தை மறைத்து, உடலைப் பொக்கிஷப் பெட்டி போல மூடி அனுப்பினார்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் லெக்சிங்டனில் 1775-ல் தொடங்கிய விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கடலூரில் நடந்தது. 1783 ஜூன் மாதம் அங்கே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டிருந்தபோதுதான், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானமாகிவிட்டது என்ற சேதி கப்பலில் வந்து சேர்ந்தது. பாடப்புத்தகத்தில் அமெரிக்க விடுதலைப் போர் ஒரு பாடம், கர்நாடகப் போர், மைசூர்ப் போர் என்று வேறு பாடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் பல வருஷம் தனித்தனியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன், அது எனக்கு இன்றும் குறைதான்.

வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது என்பது உண்மையா? செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை?
— எட்டாம் வகுப்பு மாணவன், பள்ளிப்பட்டு

இரண்டும் உண்மையில்லை தம்பி. பொய்ப்பல் செட் இருந்தது, ஆனால் அது மரமில்லை. யானைத் தந்தம், ஈயம், மனிதப் பல் எல்லாம் சேர்த்துச் செய்தது. செர்ரி மரக் கதை அவர் இறந்த பிறகு ஒரு பாதிரியார் புத்தகத்தில் சேர்த்தது. உனக்குச் சொல்ல நிஜக் கதை ஒன்று இருக்கிறது. அவ்வளவு நிலம் வைத்திருந்தவர், கையில் ரொக்கம் இல்லாமல், பதவி ஏற்க நியூயார்க் கிளம்புவதற்கு முன் கடன் வாங்கிக்கொண்டுதான் போனார்.

'மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிய ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தார் என்று வகுப்பில் படித்தோம். எனக்குக் கோபம் வருகிறது ஐயா. அப்படிப்பட்டவரை எதற்கு நாம் படிக்க வேண்டும்?
— ஒரு கல்லூரி மாணவி, குப்பம்

உன் கோபம் நியாயமானது அம்மா. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். 1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் அந்த வரியை எழுதும்போது அவருக்கு வயது 33. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டால் 600-க்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருடைய சொத்தாக எழுதப்பட்டிருந்தார்கள். ஒரு சிலரைத்தான் விடுவித்தார். 1826-ல் அவர் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் நின்றது. நல்ல ஒயின், புத்தகங்கள், இடித்து இடித்துக் கட்டிய வீடு, அதோடு மற்றவர்களுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று ஏறிய கடன். அடுத்த வருஷம் அவர் வீட்டு வாசலில் ஏலம் போட்டார்கள். மேஜை நாற்காலியோடு சேர்த்து ஏறக்குறைய 130 மனிதர்களையும் ஏலத்தில் விட்டார்கள். அம்மா ஓர் ஊருக்கு, பிள்ளை ஓர் ஊருக்கு. எழுதியவர் பட்ட கடனை, அவர் எழுதிய வரி எட்டாத மனிதர்கள் தங்கள் உடம்பால் அடைத்தார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தடுமாறும்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்காதே. அவரோடு தோளோடு தோள் நின்ற ஜான் ஆடம்ஸ், இரண்டாவது அதிபர், அடிமை யாரையும் வைத்துக்கொள்ளவே இல்லை. வாஷிங்டன் வைத்திருந்தார், ஆனால் தன் பெயரில் இருந்த 123 பேருக்கும் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று உயிலில் எழுதிவைத்தார். வேறு வழி இருந்தது என்பது ஜெபர்சனுக்குத் தெரியும். அடிமைமுறை தவறு என்று அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார், வெளியிலிருந்து அடிமைகளை இறக்குவதைத் தடுத்த சட்டத்தில் அதிபராகக் கையெழுத்தும் போட்டார். அது 1808 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

பிறகு ஏன் படிக்க வேண்டும் என்றால், அவர் எழுதிய வரியை அவருக்கு எதிராகவே பிடித்து வாதாடியவர்கள் பின்னால் வந்தார்கள். அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அப்படி வாதாடியவர்களில் ஒருவர். நம் பக்கத்துக்கும் வா. படியாள், பண்ணையாள் என்ற சொற்களை உன் தாத்தா பாட்டியிடம் கேட்டுப்பார், அர்த்தம் சொல்வார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நம் நாட்டில் 1976-ல்தான் வந்தது, ஜெபர்சன் எழுதிச் சரியாக 200 வருஷம் கழித்து. அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நம் மாவட்டப் பக்கங்களிலேயே படித்திருக்கிறோம். ஜெபர்சன் மேல் வரும் கோபத்தில் பாதியை இதற்கும் வைத்திரு.

சின்னதாக ஒரு சீட்டு நடத்துகிறேன். ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற அதிபர் தன் நாட்டு வங்கியையே மூடினார் என்று படித்தேன். ஒரு அதிபர் ஏன் அப்படிச் செய்வார்?
— குடியாத்தம் வாசகர்

சீட்டு நடத்துபவருக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் இது முழுக்க நம்பிக்கை பற்றிய கதை. ஜாக்சன் இளம் வயதில் ஒரு பெரிய வியாபாரிக்கு நிலம் விற்று, அதற்கு ஈடாகக் கடன் பத்திரம் வாங்கினார். அந்தப் பத்திரத்தை மேலொப்பம் போட்டு வேறு இடத்தில் கொடுத்துக் கடைக்குச் சரக்கு வாங்கினார். வியாபாரி நொடித்துப்போனார். மேலொப்பம் போட்ட பாவத்துக்குக் கடன் முழுவதும் ஜாக்சன் தலையில் விழுந்தது, அதிலிருந்து மீள வருஷக்கணக்கில் ஆனது. அன்றிலிருந்து தாள் பணம் என்றாலே அவருக்கு ஆகாது.

வாஷிங்டன் 1791-ல் கையெழுத்திட்டது 20 வருஷ உரிமம். அது 1811-ல் முடிந்தது. 1816-ல் இரண்டாவது வங்கி வந்தது. அதன் தலைவர் நிக்கலஸ் பிடில், பிலடெல்பியாக்காரர், மிகவும் படித்தவர், வங்கியை நன்றாகவே நடத்தினார் என்பது என் எண்ணம். ஆனால் அரசுப் பணத்தை வைத்துக்கொண்டு, தனியார் பங்குதாரர்களுக்கு லாபம் கொடுத்துக்கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடனும் கொடுக்கிற ஒரு நிறுவனத்தை யார் கேள்வி கேட்பது? 1832-ல் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை ஜாக்சன் ரத்து செய்தார். அடுத்த வருஷம் அரசுப் பணத்தை எடுத்துத் தனக்கு வேண்டிய மாநில வங்கிகளில் போட்டார்.

அதுவரை அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததுதான் கஷ்டம். அந்தச் சின்ன வங்கிகள் கட்டுப்பாடு இல்லாமல் நோட்டு அடித்துக் கடன் கொடுத்தன, மக்கள் கடன் வாங்கி மேற்கே நிலம் வாங்கிக் குவித்தார்கள். (அப்போது விலைபோன நிலத்தில் ஒரு பங்கு பழங்குடி மக்களிடமிருந்து பிடுங்கியது. 1830-ல் ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டத்தின் பேரில்தான் சுமார் 16,000 செரோக்கி மக்கள் ஊரைவிட்டு நடத்தப்பட்டார்கள், ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள்.) நிலைமை முற்றியதும் 1836-ல், அரசு நிலத்துக்குத் தங்கமோ வெள்ளியோ கொடுத்தால்தான் ஆயிற்று என்று உத்தரவு போட்டார். நாணயம் போதவில்லை. 1837 மே மாதம் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்கு நாணயம் தர முடியாது என்று கதவைச் சாத்தின. வருஷக்கணக்கில் மந்தம். அதைச் சுமந்தவர் ஜாக்சன் இல்லை, இரண்டு மாதம் முன்னால் பதவிக்கு வந்திருந்த வான் பியூரன்.

ஒரு சீட்டில் தள்ளுத்தொகை யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி நடத்தினால் சந்தேகம் வராது. பிடில் அதைச் செய்யவில்லை. ஜாக்சன் சீட்டையே கலைத்தார், போட்டவர்களுக்குப் பதில் ஏற்பாடு எதுவும் செய்யாமல்.

அமெரிக்காவின் முதல் பெரும் பணக்காரர் யார்? வாண்டர்பில்ட்டா, ஆஸ்டரா?
— பலமநேர்

ஆஸ்டர் முந்தியவர். ஜெர்மனியிலிருந்து வந்து, தோல் வியாபாரம் செய்து, அந்தப் பணத்தில் நியூயார்க் ஓரத்து நிலங்களை வாங்கிப் போட்டவர். 1848-ல் இறந்தபோது சொத்து சுமார் 2 கோடி டாலர். வாண்டர்பில்ட் 16 வயதில் அம்மாவிடம் 100 டாலர் வாங்கிப் படகு ஓட்டத் தொடங்கினார், நீராவிக் கப்பலுக்குப் போனார், கடைசியில் ரயில்வேக்கு. 1877-ல் இறக்கும்போது சுமார் 10 கோடி டாலர்.

இவர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் ஸ்டீபன் ஜிரார்ட். 1813-ல் இங்கிலாந்தோடு போர் நடக்கும்போது, அதிபர் மாடிசனின் கஜானா காலி. 1 கோடியே 60 லட்சம் டாலர் கடன் பத்திரம் போட்டார்கள், வாங்க ஆள் இல்லை. மிச்சமாய் நின்ற பெரும்பகுதியை வாங்கியவர்கள் ஜிரார்ட், ஆஸ்டர், டேவிட் பாரிஷ் மூவரும். ஒருவர் பிரான்ஸில் பிறந்தவர், மற்ற இருவர் ஜெர்மனியில். மூன்று பேரும் வந்தேறிகள். ஜிரார்ட் தன் சொத்தின் பெரும்பகுதியை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு எழுதிவைத்தார். ஆனால் 'வெள்ளைக்காரப் பிள்ளைகள்' என்று உயிலில் எழுதிவிட்டார். கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே காலெடுத்து வைக்க 1968 வரை ஆனது.

என் பாட்டி இன்றும் 'கிருஷ்ணாயில்' என்றுதான் சொல்கிறார். ராக்பெல்லரின் எண்ணெய் நம் ஊர்ப்பக்கம் வந்ததா? அவர் நல்லவரா, கெட்டவரா?
— விசைத்தறித் தொழிலாளி, நகரி

உங்கள் பாட்டி சொல்லும் அந்தச் சொல்லிலேயே அது வந்த வழி இருக்கிறது. கெரசின் ஆயில் நம் வாயில் கிருஷ்ணாயில் ஆனது, தெலுங்கில் கிரசனாயில். சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய் என்றும் சொன்னார்கள். அதற்கு முன் நம் வீடுகளில் எரிந்தது ஆமணக்கெண்ணெய், புங்கெண்ணெய். 1859-ல் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்த பிறகு, அமெரிக்க மண்ணெண்ணெய் கப்பல் ஏறி இந்தியா வரத் தொடங்கியது. ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின், டின்னுக்கு ஐந்து காலன். பிறகு ருஷ்ய எண்ணெயும் பர்மா எண்ணெயும் போட்டிக்கு வந்தன. எண்ணெய் தீர்ந்ததும் அந்தச் சதுர டின்னை நாம் விட்டோமா? தண்ணீர் தூக்கினோம், காவடியில் இரண்டு பக்கமும் கட்டினோம், நெய்யும் வெல்லமும் அடைத்தோம், வெட்டி விரித்துக் கூரைக்குப் போட்டோம். என் சின்ன வயதில் தானியம் போட்டுவைக்க எங்கள் வீட்டில் நான்கு டின் இருந்தன.

அந்த டின்னைப் பற்றி ராக்பெல்லரே தன் நினைவுகளில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். ஏற்றுமதி டின்னை மூடிப் பற்றவைக்க 40 சொட்டு ஈயம் பிடித்தது. 38 போட்டுப் பாருங்கள் என்றார், சில டின்கள் ஒழுகின. 39 போட்டார்கள், ஒன்றும் ஒழுகவில்லை. அதிலிருந்து 39 சொட்டுத்தான் கணக்கு. கணக்கு எழுதும் பையனாக 16 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருடைய புத்தி அது. அந்தக் கறாரால்தான் எண்ணெய் மலிவானது, ஏழை வீட்டிலும் ராத்திரி விளக்கு எரிந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் சொட்டுக் கணக்கால் மட்டும் ஒருவர் ஒரு நாட்டின் சுத்திகரிப்புத் தொழிலில் 90 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ரயில் கம்பெனிகளோடு ரகசியப் பேச்சு. மற்றவர்களைவிட அவருக்குக் கட்டணம் குறைவு. 1872-ல் போட்ட ஒரு திட்டத்தில், போட்டியாளர்கள் கட்டும் கட்டணத்திலும் அவருக்கு ஒரு பங்கு திரும்பி வரும்படி ஏற்பாடு! மக்கள் கொதித்ததால் திட்டம் சில மாதத்தில் ரத்தானது. ஆனால் அந்தப் பயத்திலேயே கிளீவ்லாந்து நகரத்தின் 26 போட்டி ஆலைகளில் 22 அவரிடம் விற்றுவிட்டன.

நம் பக்கத்து உதாரணம் சொன்னால் இன்னும் தெளிவாகும். பெங்களூரா மாம்பழ சீசனில் சித்தூர் கூழ் ஆலைகள் எல்லாம் ஒரே ஆளுடையதாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி வாடகையும் அவருக்கு மட்டும் பாதி. வேறு யாராவது பழம் ஏற்றினால் அந்த வாடகையிலும் அவருக்குப் பங்கு. அப்போது தோட்டக்காரர் டன்னுக்கு என்ன விலை கேட்க முடியும்? கடையில் ஜூஸ் மலிவாகக் கிடைக்கலாம். தோப்பு யார் கையில் மிஞ்சும்?

இதை எழுதி வெளியில் கொண்டுவந்தவர் ஐடா டார்பெல் என்ற பெண் பத்திரிகையாளர். அவருடைய அப்பா அந்த எண்ணெய் வயல்களில் அடிபட்ட சிறு முதலாளி. நீதிமன்றக் காகிதங்களைத் தோண்டி எடுத்து 1902 முதல் தொடராக எழுதினார். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை 34 கம்பெனிகளாகப் பிரிக்கச் சொன்னது. பிரிந்ததில் ஒரு கிளை இந்தியாவில் எஸ்ஸோ என்ற பெயரில் பங்க் நடத்தியது. 1974-ல் நம் அரசு அதை எடுத்துக்கொண்டு இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கியது. நீங்கள் பெட்ரோல் போடும் ஹெச்.பி. பங்க் எந்த மரத்தின் கிளை என்று இப்போது தெரிகிறதல்லவா?

நல்லவரா கெட்டவரா என்ற உங்கள் கேள்விக்கு, போட்டியைக் கொன்ற குற்றத்தை அவர் கொடுத்த எந்த தானமும் கழுவாது என்பதே என் பதில். கொடுத்த தானத்தால் பிழைத்தவர்களையும் நான் மறக்கமாட்டேன், அதற்கு வேலூர்க் கேள்வியில் வருகிறேன்.

கார்னகி 2,500 நூலகங்கள் கட்டினார். அவரையும் குறை சொல்வீர்களா?
— நூலக வாசகர், காட்பாடி

அவரைப் பற்றி எழுதும்போது எனக்குள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்து மேலே வந்தவன் நான். ஸ்காட்லாந்தில் நெசவாளி மகனாகப் பிறந்து, 1848-ல் அமெரிக்கா போய், பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட்டுக்கு வேலை பார்த்த பையனுக்கு, ஒரு பெரியவர் சனிக்கிழமைதோறும் தன் வீட்டுப் புத்தகங்களைத் திறந்துவிட்டார். அந்த நன்றியில் கட்டியவைதான் 2,509 நூலகங்கள். கட்டடம் மட்டும்தான் அவர் கொடுப்பார், இடம் ஊர் தரவேண்டும், வருஷச் செலவுக்கும் ஊரே வரி போட்டுப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டமும் வீட்டு வரியோடு நூலக வரி வைத்தது. சித்தூர் அப்போது நம் மாகாணத்தில்தான் இருந்தது, ஆகவே எல்லையின் இரண்டு பக்க நூலகங்களுக்கும் வேர் ஒன்றே.

ஆனால் 1892 ஜூலை 6. பென்சில்வேனியாவில் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. கூலி குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் நின்றார்கள். மேலாளர் ஃபிரிக், பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் கம்பெனியின் ஆயுதம் ஏந்திய 300 ஆட்களைப் படகில் வரவழைத்தார். ஆற்றங்கரையில் நாள் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை, இரண்டு பக்கமும் உயிர் போனது. பிறகு மாநிலப் படை வந்தது, சங்கம் உடைந்தது, 12 மணி நேர வேலை நிலைத்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். முன்பு தொழிலாளர் சங்கத்துக்கு ஆதரவாக எழுதிய அதே மனிதர் ஃபிரிக்கைத் தடுக்கவில்லை. 1901-ல் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார்.

ஹோம்ஸ்டெட் பக்கத்திலேயே ஒரு கார்னகி நூலகம் இருக்கிறது. 12 மணி நேரம் உலை முன்னால் நின்றவன் எந்த நேரத்தில் அங்கே போய்ப் படிப்பான்? அன்றைய தொழிலாளர்களே கேட்ட கேள்வி இது. எனக்கும் பதில் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் வேலையைக் குறைத்திருந்தால் அதுவே பெரிய தானமாக இருந்திருக்கும்.

இந்தப் பெரும் பணக்காரர்களின் பணம் நம் வேலூருக்கு ஏதாவது வந்திருக்கிறதா?
— ஒரு செவிலியர், வேலூர்

நீங்கள் தினம் பார்க்கும் சி.எம்.சி. மருத்துவமனையிலேயே இருக்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வரும்போது, நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அதில் எழுந்ததுதான் 1902-ல் திறந்த 40 படுக்கை மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பணம் திரட்டியபோது, ராக்பெல்லர் தன் மனைவி லாரா பெயரில் வைத்த நிதி 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது, மற்றவர்கள் 20 லட்சம் திரட்டினால் என்ற நிபந்தனையோடு. அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் ஓடியாடித் திரட்டிவிட்டன. வேலூருக்கும் அதில் பங்கு. லாராவின் பெற்றோர் தப்பியோடி வந்த அடிமைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்கள் என்பதையும் குப்பத்து மாணவிக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

அதிபர் பெரியவரா, பணக்காரர் பெரியவரா?
— வி.கோட்டா

ஆளையும் வருஷத்தையும் பொறுத்தது. 1895-ல் அரசிடம் தங்கம் தீரப்போகிற நிலையில் அதிபர் கிளீவ்லாந்து, வங்கியாளர் ஜே.பி. மார்கனைக் கூப்பிட்டுத்தான் தங்கம் வாங்கினார். 1907 நெருக்கடியில் மார்கன் மற்ற வங்கித் தலைவர்களைத் தன் வீட்டு நூலகத்தில் வைத்துக் கதவைப் பூட்டி, பணம் போட ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே விட்டார். நடுவில், 1902-ல், தியோடர் ரூஸ்வெல்ட் அதே மார்கனின் ரயில் கூட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 1904-ல் ஜெயித்து, அதைக் கலைக்கவும் வைத்தார். ஒரு தனிமனிதர் சாவியைத் திருப்பி நாட்டைக் காப்பாற்றும் நிலை வரக்கூடாது என்று புரிந்துகொண்டு 1913-ல் மத்திய வங்கி அமைத்தார்கள். ஜாக்சன் கலைத்த இடத்தில் ஒழுங்காக ஒன்று வைக்க 77 வருஷம் ஆகிவிட்டது.

சோளிங்கரில் அந்தச் சண்டை நடந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போவீர்களா சார்?
— பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலர், சோளிங்கர்

வருகிறேன். தை பிறந்து வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். காலையில் சோளிங்கர், அப்புறம் சித்தூர் வழியாக நரசிங்கராயன்பேட்டை, சாயங்காலம் மொகிலி ஈஸ்வரன் கோயில் வரை போய் மலைப்பாதையைப் பார்த்துத் திரும்பலாம். ஆளுக்கொரு நோட்டு, தண்ணீர் பாட்டில். வரும்போது யார் வீட்டுப் பரணிலாவது எழுத்து அச்சடித்த பழைய எண்ணெய் டின் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, கையோடு எடுத்து வாருங்கள். அதன் அடியில் ஈயம் பற்றவைத்த இடத்தை உங்களுக்குக் காட்டவேண்டும்.